அந்தமான் பயணத்தில் கொசுக்கடியைத் தவிர்ப்பது எப்படி: கிளம்பும் முன்பிருந்து திரும்பி வந்த பிறகு வரை

கடலூர் முதுநகரிலிருந்து அந்தமானுக்கு நான்கு தடவை போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூட வருவார்கள். அதிகம் கடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால், கிரீம் வாங்காமல் வந்தவர்கள் இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து தப்பான நேரத்தில் பூசியவர்கள், அல்லது பூச வேண்டிய நேரத்தில் அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள். அதனால் என்ன வாங்குவது என்பதைவிட, எதை எப்போது செய்வது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. எந்தக் கொசு, எந்த நேரம்

"நாலு பக்கமும் கடல், காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், சாக்கடையும் கிடையாது, அங்க கொசு எங்கேருந்து வரும்?" இந்தக் கேள்வி ஒவ்வொரு பயணத்திலும் வந்துவிடும். நமக்குக் கொசு என்றாலே ராத்திரியில் காதோரம் பாடும் சாக்கடைக் கொசுதான் நினைவுக்கு வரும். அது கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீரில் வளரும், இருட்டிய பிறகு வரும், யானைக்கால் நோயைப் பரப்பும்.

தீவில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது ஏடிஸ், கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் வழியாக வருகின்றன. நல்ல தண்ணீரில் வளரும். இளநீர் குடித்துவிட்டு வீசிய கூட்டில் மழைத்தண்ணீர் ஒரு கை அளவு நின்றால் அதற்குப் போதும், மரப்பொந்து போதும், படகில் கட்டிய பழைய டயரும் போதும். இது பகலில் கடிக்கும், குறிப்பாக விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும். இரண்டாவது மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ். இருட்டியதிலிருந்து விடியும் வரை இதன் நேரம். அந்தமான் நிக்கோபார் பக்கம் இருக்கும் சண்டைக்கஸ் என்ற அனாபிலஸ் வகை, கடல்தண்ணீர் கலந்த குட்டையிலும் முட்டையிடும். கடலோரம் என்பதால் கொசு இருக்காது என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் ஒன்று, இரவில் ஒன்று. ராத்திரி படுக்கும்போது மட்டும் கிரீம் பூசுகிறவர்கள் டெங்குக் கொசுவுக்கு முழுப் பகலையும் திறந்து விடுகிறார்கள்.

நிக்கோபார் பக்கம் சுற்றுலாவாகப் போக முடியாது, அனுமதி வேண்டும். ஆனால் வேலைக்காக நான்கௌரி தீவுகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே யானைக்கால் நோயைப் பரப்புவது பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. நம் ஊரில் அதே நோய் ராத்திரிக் கொசுவால் வருகிறது. நோய் ஒன்றுதான், கடிக்கிற வேளை மட்டும் தலைகீழ்.

2. நம் ஊர்க் கடிகாரத்தை நம்பாதீர்கள்

இது யாருமே சொல்லித் தராதது, எனக்கும் இரண்டாவது பயணத்தில்தான் புரிந்தது. அந்தமானும் நாமும் ஒரே இந்திய நேரத்தைத்தான் பின்பற்றுகிறோம். ஆனால் போர்ட் பிளேர், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், நமக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாக உதித்து முன்னதாகவே மறைகிறது. டிசம்பரில் நம் ஊரில் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் மறையும் என்றால், அங்கே ஐந்து மணிக்கே மறைந்துவிடும். காலையில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும்.

இதில் என்ன ஆபத்து? நம் ஆட்களுக்கு "சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்து" என்பது பழக்கம். அங்கே ஆறு மணி என்றால் இருட்டி ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. ஏடிஸ் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் தன் வேலையை முடித்திருக்கும், அனாபிலஸும் தொடங்கியிருக்கும்.

அதனால் மணியைப் பார்க்காமல் வெயிலைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் மாலை மூன்று மணிக்கு இரண்டாவது தடவை கிரீம் என்று போனில் அலாரம் வைத்துவிடுங்கள். மே மாதத்தில் சூரியன் ஐந்தரையைத் தாண்டித்தான் மறையும், அப்போது மூன்றரை போதும்.

3. இரண்டு வாரம் முன்பு செய்ய வேண்டியவை

முதலில் டாக்டர். எல்லோருக்கும் தேவையில்லை. கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் எந்தத் தீவு, எத்தனை நாள் என்று சொல்லி அவரிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

அடுத்து கிரீம் சோதனை. புதிதாக வாங்கிய கிரீமை முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குத் தடவி ஒரு நாள் விடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேறு மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. தீவில் போய் அரித்தால் வேறு கடை தேட வேண்டும்.

அப்புறம் ஒத்திகை. கேட்க அதிகப்படியாகத் தோன்றும், ஆனால் நான் கூட்டிப்போகும் எல்லோரையும் செய்யச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுப் பக்கமோ, புதுச்சேரிக்காரர்கள் என்றால் தேங்காய்த்திட்டுப் பக்கமோ, அதே கிரீம், அதே முழுக்கைச் சட்டையோடு போய் இரண்டு மூன்று மணி நேரம் இருந்து பாருங்கள். உங்கள் வியர்வைக்கு அந்தக் கிரீம் எத்தனை நேரம் தாங்குகிறது என்பது டப்பாவில் எழுதியிருப்பதிலிருந்து தெரியாது, முதல் கடி விழும் நேரத்தில்தான் தெரியும். எனக்கு மூன்று மணி நேரம், என் தம்பிக்கு இரண்டு கூடத் தாங்கவில்லை.

4. என்ன வாங்குவது, எதை விட்டுவிடுவது

கிரீம்: டப்பாவின் பின்பக்கம் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும், அதைப் படியுங்கள். டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிக்காரிடின் 20 சதவீதம் கிடைத்தால் நல்லது. ஓடோமாஸ் கிரீமில் இருப்பது 12 சதவீத டைஎத்தில் பென்சமைடு. அதுவும் வேலை செய்யும், ஆனால் வியர்க்கும் ஊரில் அடிக்கடி பூச வேண்டும். சதவீதம் கூடினால் தாங்கும் நேரம்தான் கூடுமே தவிர, கொசு இன்னும் பயந்து ஓடும் என்று பொருள் இல்லை. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு மூக்குக்கண்ணாடி, வாட்ச் கண்ணாடி, போன் கவர் எதையும் தொடாதீர்கள்.

கொசுவலை: இதுதான் அடிப்படை. அந்தமானுக்கு நம் பக்கத்திலிருந்து மின்சாரம் போவதில்லை. பெரும்பாலும் அங்கேயே டீசலில் எடுக்கிறார்கள், சின்னத் தீவுகளில் ராத்திரி கரண்ட் போனால் கொசு விரட்டும் மெஷினும் ஃபேனும் சேர்ந்தே நின்றுவிடும். வலைக்கு எதுவும் வேண்டாம். கூடாரம் மாதிரி விரியும் மடக்கு வலை ஒன்று, அது இல்லையென்றால் நாலு முனைக் கயிற்று வலையும் கூடவே பத்து மீட்டர் நைலான் கயிறும். தங்கும் அறைகளில் கொக்கி இருக்காது. ஜன்னல் கம்பியிலும் அலமாரிக் கைப்பிடியிலும் கட்டத்தான் அந்தக் கயிறு. ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்ணாவது உள்ள வலை வாங்குங்கள்.

உடை: தொளதொளப்பான, வெளிர் நிற, முழுக்கை, முழுக்கால் உடை. ஏடிஸ் கறுப்பு, அடர்நீலம் பக்கம் அதிகம் வரும், உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் துணி வழியாகவே கடிக்கும். ஆளுக்கு மூன்று ஜோடி சாக்ஸ் கட்டாயம். லுங்கியும் நைட்டியும் ராத்திரி அறைக்குள் சரி. மாலையில் அதோடு வெளியே உட்கார்ந்தால் கணுக்கால்தான் முதலில் போகும்.

விட்டுவிட வேண்டியவை: கொசு மருந்து ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தீப்பெட்டி, லைட்டரும் கூடாது. கரண்ட் மெஷினை மட்டும் எடுத்துப்போய், ரீஃபிலையும் சுருளையும் அங்கே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் வாசனைப் பட்டை, ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் போன் ஆப், பூண்டு, வைட்டமின் மாத்திரை எதற்கும் காசைக் கொடுக்காதீர்கள். பட்டை கட்டிய மணிக்கட்டுக்கு நாலு விரல் தள்ளிக் கடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

5. வீட்டைப் பூட்டும் முன்

ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நம் பயணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாடியில் இருக்கும் வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தை நாரால் தேய்க்க வேண்டும். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் கரி ஒட்டியது போல ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

6. கிரீம் பூசும் வரிசை

முதலில் குளித்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வெயிலுக்கான சன்ஸ்கிரீன். அது உறைய பதினைந்து, இருபது நிமிடம் விட்டு, அதன் மேல் கொசு கிரீம். மாற்றிச் செய்தால் கொசு கிரீமைச் சன்ஸ்கிரீன் மூடிவிடும், வாசனை வெளியே வராது, கொசுவுக்கு அது தெரியவும் தெரியாது. இரண்டும் கலந்த ஒரே டப்பா வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அவ்வளவு பூசக் கூடாது.

துணிக்கு வெளியே தெரியும் தோலுக்கு மட்டும் பூசுங்கள், புண்ணில் வேண்டாம். எல்லோரும் மறக்கும் இடங்கள்: காதுக்குப் பின்னால், பின்கழுத்து, முழங்கைக்குப் பின்பக்கம், செருப்புப் பட்டைக்கு நடுவில் தெரியும் பாதம். இங்கே ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும் கொசு சரியாக அந்த இடத்தில்தான் உட்காரும். கடலில் குளித்தால் எல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து பூசுங்கள்.

கிரீம் இருக்க வேண்டிய இடம் சட்டைப்பை அல்லது கைப்பை. இது ஏன் என்பது எட்டாவது பகுதியில் வரும்.

7. அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம். ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா, குளியலறை வென்டிலேட்டர் திறந்திருக்கிறதா, வாளியில் பழைய தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள், ஓட்டைக்கு டேப் ஒட்டுங்கள், வென்டிலேட்டரைத் துண்டால் அடையுங்கள். கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், பகலில் ஏடிஸ் அங்கேதான் ஒதுங்கும்.

பிறகு வலை. வெளிச்சம் இருக்கும்போதே கட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கட்டுகிறவர்கள் கொசுவையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறார்கள். விளிம்பை மெத்தைக்கு அடியில் சொருகுங்கள், தொங்க விடாதீர்கள். உடம்பு வலையில் படாத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். ஹேவ்லாக்கில், இப்போது சுவராஜ் தீவு, என் சித்தி நல்ல வலைக்குள்தான் படுத்தார். காலையில் எழுந்து பார்த்தால் இடது முழங்கை நெடுகக் கடி, ஊசியால் குத்தியது போல வரிசையாக. ராத்திரி முழுவதும் முழங்கை வலையில் அழுந்திக் கிடந்திருக்கிறது. கட்டில் சின்னதாக இருந்தால் ஓரத்தில் ஒரு போர்வையைச் சுருட்டி வையுங்கள்.

மெஷினைப் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். மூடிய அறையில் சுருள் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது. சுருள் வராந்தாவுக்கு மட்டும். வராந்தாவில் உட்கார்ந்து பேசும்போது டேபிள் ஃபேன் கிடைத்தால் காலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குத் தெம்பு கிடையாது.

8. பாராடாங் நாள்

எல்லாப் பயணத் திட்டத்திலும் சுண்ணாம்புக் குகை பார்க்க ஒரு நாள் பாராடாங் தீவு இருக்கும். கொசுவைப் பொறுத்தவரை இதுதான் கடினமான நாள். அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். காட்டுப் பாதையில் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள். இருட்டிலிருந்து விடியும் வரை காட்டோரம் நிற்கிறீர்கள் என்றால், அனாபிலஸ் முடிக்கும் நேரமும் ஏடிஸ் தொடங்கும் நேரமும் இரண்டும் அங்கேயே கழிகிறது.

போன தடவை எங்கள் வேனில் ஒரு பையன் அரைக்கால் டிராயரோடு கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். புழுங்குகிறது என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவன் அம்மாவிடம் கிரீம் இருந்தது, ஆனால் மேல் கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டிக்குள். விடிந்த பிறகு முழங்காலுக்குக் கீழே எண்ணிப் பார்த்தோம், இடது காலில் மட்டும் முப்பத்தொன்று. அன்று படகிலும் குகைக்கு நடக்கும்போதும் அந்தக் குழந்தை சொறிந்தபடியேதான் வந்தது.

ஆகவே கிளம்பும் முன் அறையிலேயே பூசிவிடுங்கள், குழந்தைகளுக்கு முழுக்கால் உடையும் சாக்ஸும் போட்டே தூக்கி வாருங்கள், சாவடியில் கதவு மூடியே இருக்கட்டும். இரண்டாவது பூச்சு படகு ஏறும் முன். படகு சுரபுன்னைக் காட்டுக்குள் போகும், இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகு கழுத்தில் கை போகாது, அதற்கு முன்பே பூசுங்கள்.

9. மணலில் கடிப்பது கொசு இல்லை

ராதாநகர் கடற்கரையிலும் நீல் தீவிலும், அதாவது ஷஹீத் தீவிலும், சூரியன் மறைவதைப் பார்க்க மணலில் உட்கார்ந்தவர்களுக்கு மறுநாள் காலெல்லாம் சின்னச் சின்னத் தடிப்பு, கொசுக்கடியைவிட நாள்கணக்கில் அதிகம் அரிக்கும். இது மணல் ஈ. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது, சாதாரண வலைக் கண் வழியாகவும் நுழைந்துவிடும். தரையை ஒட்டித்தான் பறக்கும். வெறும் மணலில் உட்காராமல் தடித்த விரிப்பில் அல்லது நாற்காலியில் உட்காருங்கள், பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் கிரீம் தாராளமாகப் போடுங்கள். கடித்தால் சொறியவே கூடாது. அந்த ஈரப்பதத்தில் புண் சீக்கிரம் சீழ் பிடிக்கும். ஐஸ் ஒற்றுங்கள், கேலமைன் லோஷன் தடவுங்கள், குழந்தைகளின் நகத்தைக் கிளம்பும் முன்பே வெட்டிவிடுங்கள்.

10. குழந்தையும் கர்ப்பிணியும்

இரண்டு மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு எந்தக் கிரீமும் வேண்டாம், வலை மட்டும். வலை மூடிய தொட்டிலோ வண்டியோ இல்லாமல் வெளியே எடுத்து வராதீர்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்த மருந்து மூன்று வயதுக்குக் கீழே கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு உங்கள் கையில் எடுத்து நீங்களே தடவுங்கள். உள்ளங்கையிலும் விரலிலும் தடவாதீர்கள், அடுத்த நிமிடம் அது வாயிலோ கண்ணிலோ இருக்கும். கர்ப்பிணிகள் டீட், பிக்காரிடின் இரண்டையும் டப்பாவில் சொன்னபடி பூசலாம். கர்ப்ப காலத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் கடுமை. தள்ளிப்போட முடிகிற பயணம் என்றால் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

11. திரும்பி வந்த பிறகு

டெங்கு, கடித்த 4 முதல் 10 நாளில் தெரியும். மலேரியாவுக்குக் குறைந்தது ஒரு வாரம் ஆகும், வைவாக்ஸ் வகை மாதங்கள் கழித்தும் வரும். வந்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "இந்தத் தேதியில் அந்தமான் போய்வந்தேன்" என்று சொல்லுங்கள். கடலூரில் சாதாரணக் காய்ச்சலுக்கு மலேரியா பரிசோதனை எழுத வேண்டும் என்று அவருக்கு வேறு எப்படித் தோன்றும்? டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளில் செய்தால்தான் நன்றாகக் காட்டும்.

பெரிய தவறு ஒன்று, காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைப்பது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் வரும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், அசந்து கிடத்தல் இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.

காய்ச்சல்காரரை முதல் ஒரு வாரம் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அந்த நாட்களில் அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், நம் வீட்டு ஏடிஸ் அவரைக் கடித்தால் எட்டுப் பன்னிரண்டு நாளில் அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும். பகலில் எதற்கு வலை என்று அவரே கேட்பார், முதல் பகுதியில் சொன்ன நேரக்கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.